த. பாவாயி, வயது ஒன்பது

அந்த ஊரில் ஆறு வருஷமாக எந்தக் குழந்தையும் ஒரு கதைப் புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்ததில்லை.

காரணம், 'பொருத்தம்'. ஈரோடு கதைக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகம் தேர்ந்து கொடுக்கும் இயந்திரத்தின் பெயர் அது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு திரை, ஒரு குரல், அவ்வளவுதான். உள்ளே, ஊரில் ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இருக்கும் அத்தனை பிள்ளைகளின் விருப்பு வெறுப்பும் இருந்தது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் அச்சடித்த பக்கக்குறி அட்டை ஒன்று உண்டு. புத்தகத்தோடு வீட்டுக்குப் போய்த் திரும்பும் அட்டை எல்லாவற்றையும் சொல்லிவிடும். எந்தப் பக்கத்தில் பிள்ளை நின்றது, எங்கே ஓடியது, எந்த வரியை இரண்டு தடவை படித்தது, எல்லாமே. அதை வைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் பொருத்தம் தானே படித்துப் பார்த்து, எந்தப் பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும். நூற்றுக்கு எழுபது தாண்டினால்தான் புத்தகம் பிள்ளையின் கைக்குப் போகும். போனால், கடைசிப் பக்கம் பார்க்காமல் திரும்பி வராது.

பெற்றோருக்குப் பரம திருப்தி. பள்ளிக்கூடங்களுக்கு அதைவிட. ஒரு பிள்ளை புத்தகத்தைப் பாதியில் விடுவது என்பது இப்போது காய்ச்சல் வருவது மாதிரி ஆகிவிட்டது. மூன்று தடவை விட்டால் 'கவனக் குறை' என்று பள்ளிக்கூடத்துப் பதிவில் ஏறும். ஏறியது எளிதில் இறங்காது.

தர்ஷனா அங்கே இசைவாளர். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இயந்திரம் தானாக எதையும் சிபாரிசு செய்யக் கூடாது, ஒரு மனிதர் இசைவு தர வேண்டும் என்பது சட்டம். அந்த மனிதர் அவள்தான். அவள் மேஜையில் இரண்டு பொத்தான்கள். 'சரி' என்ற பொத்தானில் எழுத்து தேய்ந்து போயிருந்தது. 'இல்லை' மட்டும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது.

அவளுக்கு இந்த மாதம் ஒரு கவலை. அது வீட்டிலிருந்து வந்த கவலை.

"என்ன அம்மிணி, வரன் ஏதாச்சும் அமைஞ்சுதா?" என்றான் அவள் புருஷன் கிருத்திக், தட்டில் அரிசிம்பருப்புச் சோற்றை வைத்துக்கொண்டே.

"ஜாதகம் சுத்திட்டே இருக்குதுங்க மாமா."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"நல்ல வரன் மெதுவாத்தான் வரும். நீங்க நெய் ஊத்திக்குங்க."

வரன் என்று அவர்கள் சொன்னது கிருத்திக் எழுதிய புத்தகத்துக்கு. அவன் லிஃப்ட் பராமரிக்கிறவன். ஊரில் இருக்கும் அடுக்குமாடிகளில் பாதிக்கு மேல் அவன் கம்பெனி பொறுப்பு. லிஃப்ட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில், ஐந்து வருஷமாகச் சிறுவர்களுக்கு ஒரு நாவல் எழுதினான். பெயர், 'மூணரையாவது மாடி'. ஏழு மாடிக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. கதவு திறந்தால் ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு பேய்.

போன வருஷம் அச்சாகி வந்தது. கதைக்கூடத்துக்கு ஒரு பிரதி வந்தது. ஒரு வருஷமாக ஒரு பிள்ளையும் பொருந்தவில்லை. ஒரு வருஷத்தில் பிள்ளை கிடைக்காத புத்தகம் காகித ஆலைக்குப் போய்க் கூழாகும். வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது.

"உங்க மிசினுகிட்ட ஏன்னு கேட்டயா?"

"கேட்டனுங்க. மொதப் பாதி பூரா லிஃப்ட் எப்படி ஓடுதுன்னே வருதாம். பேய்க்கதை புடிச்ச பசங்க அங்கயே மூடிடுவாங்களாம். ரெண்டாம் பாதியில பேய் வந்தா மிசின் புடிச்ச பசங்க மூடிடுவாங்களாம்."

"ரெண்டும் புடிச்ச கொழந்தை ஊர்ல ஒண்ணு கூடவா இல்ல?"

"இல்லைன்னு சொல்லுது."

கிருத்திக் சோற்றைப் பிசைந்தான். "எப்படி இருக்கும்? பேய் புடிக்குதுன்னா ஆறு வருசமா பேயாவே குடுத்து வளத்திருக்கீங்க. மிசினுன்னா மிசினு. வெறும் தயிர்சோறே தின்னு வளந்ததுகிட்டப் போய் மீன் கொழம்பு புடிக்குமான்னு கேட்டா?"

தர்ஷனா அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர்கள் கல்யாணத்துக்கும் ஜாதகம் பார்த்தார்கள். பத்துக்குப் பத்துப் பொருத்தம், இப்படி ஒரு சேர்க்கையைப் பார்த்ததே இல்லை என்று ஜோசியர் கையைத் தட்டினார். புத்திர பாக்கியத்தைப் பற்றி அவர் தனியாகவே ஒரு நோட்டுத்தாள் நிறைய எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று இருவரும் இப்போது தேடுவதில்லை.

மறுநாள் காலை அவள் மேஜையில் உட்கார்ந்து முதல் டீயை எடுத்தபோது திரை விழித்துக்கொண்டது.

"வணக்கம். 'மூணரையாவது மாடி' நூலுக்கு ஒரு பிள்ளை பொருந்துகிறது. தொண்ணூற்றேழு."

டீ கொஞ்சம் சிந்தியது.

"யாரு?"

"த. பாவாயி. வயது ஒன்பது."

அந்தப் பெயரைக் கேட்டால் நம் தலைமுறையில் எழுபது வயது அம்மாளை நினைப்போம். ஆனால் பெயர்களின் மோஸ்தர் சுற்றிச் சுற்றி வருவது. தர்ஷனா, கிருத்திக், தருண் என்று பெயர் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பாவாயி, நாச்சிமுத்து, வஞ்சியம்மாள் என்று கொள்ளுப்பாட்டி, கொள்ளுப்பாட்டன் பெயர்களைத் தூசி தட்டி வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

"தொண்ணூத்தேழா? நேத்து வரைக்கும் ஒருத்தருமே இல்லைன்னியே!"

"கூழுக்கு அனுப்புமுன் நூலை மறுபடி மதிப்பிட்டேன். பாவாயியின் ரசனை சில மாதங்களாக விரிந்திருக்கிறது. நீராவி எஞ்சின், பம்ப், பாலம் குறித்த நூல்களை முழுதாகப் படித்திருக்கிறாள். பேய், மயானம், முனி குறித்த நூல்களையும் முழுதாகப் படித்திருக்கிறாள். இப்படி ஒரு வாசகி இந்தக் கூடத்துக்கு வந்ததில்லை. இசைவு தருகிறீர்களா?"

புருஷன் எழுதிய புத்தகத்துக்குப் பெண்டாட்டி இசைவு தரலாமா என்று விதிகளில் எதுவும் இல்லை. விதி எழுதியவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தர்ஷனாவுக்குத் தோன்றியது. தோன்றியபடியே 'சரி'யை அழுத்தினாள்.

கிருத்திக்கைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அவனுக்குப் பின்னால் லிஃப்ட் மோட்டார் உறுமியது.

"பொண்ணு பேரு என்ன சொன்ன?"

"பாவாயி."

"பாவாயி," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "நான் வந்து ஒளிஞ்சிருந்து பாக்கட்டுமா? தூண் பின்னாடி நின்னுக்கறேன். படிக்கறப்ப மூஞ்சி எப்படிப் போகுதுன்னு மட்டும் பாத்துட்டு ஓடிடறேன்."

"புள்ள பயந்துக்கும். பேசாம வேலையைப் பாருங்க."

"ஒருத்தி போதும் தர்ஷு. எனக்கு ஒரே ஒருத்தி போதும்."

சாயங்காலம் பாவாயி வந்தாள். தனியாக வரவில்லை. அவள் அம்மா சஹானா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பாவாயி மூக்கில் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் உலகத்தின் மேல் பெரிய நம்பிக்கை இல்லாத இரண்டு கண்கள்.

"ஏனுங்க, உங்க மிசினு ரிப்பேருங்களா?" என்றாள் சஹானா, உட்காராமலே.

"என்னாச்சுங்க?"

"எங்க பாவாயி ரெண்டு புஸ்தகத்தைப் பாதியில வெச்சுட்டாளுங்க. எங்க வம்சத்துலயே இப்படிக் கெடையாது. ஸ்கூல்ல கதை கேட்டப்ப இவளே பாதிதான் படிச்சேன்னு சொல்லிட்டா. என்னையக் கூப்புட்டு இன்னொருக்கா ஆச்சுன்னா கவனக் குறைன்னு எழுதிருவோம்னு சொல்லிட்டாங்க. எழுதிட்டா அவ்வளவுதான், அப்பறம் எந்த ஸ்கூல்ல சேத்துவான்?"

"பாதியில வெச்சாளா? எங்க பதிவுல எல்லாம் முடிச்ச மாதிரியில்ல இருக்கு!" தர்ஷனா திரும்பினாள். "ஏன் கண்ணு, உனக்குப் புடிக்கலையா?"

"பேய் வருது," என்றாள் கண்ணாடி.

"பேய்தான் உனக்கு உசுராச்சே. போன மாசம் கூட அந்த மயானக் கதையை மூணு தடவை படிச்சிருக்க."

"நானா?" பாவாயி அம்மாவைப் பார்த்தாள். "நான் படிக்கலைங்க. பேயெல்லாம் பொய்யி. நான் ஏன் பொய்யை மூணு தடவை படிக்கறேன்?"

"இவ பொய் சொல்ல மாட்டாளுங்க," என்றாள் சஹானா. "உண்மை சொல்லித்தான் எங்க மானத்தை வாங்குவா. ஏ பாவாயி, அங்க என்ன பாத்துட்டு நிக்கற? இங்க வா!"

அவள் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. கூடத்தின் அந்தக் கோடியில், பேய்ப் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி தலையைத் தூக்கினாள்.

"என்னங்க?" என்றாள். எழுந்து வந்தாள். "கூப்ட்டீங்களா?"

"உன்னையில்ல கண்ணு, எங்க பாவாயியைக் கூப்ட்டேன்."

"நான்தான் பாவாயி."

கண்ணாடி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இல்ல. நான்தான் பாவாயி."

தர்ஷனா திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "உங்க அப்பா பேரு என்ன கண்ணு?"

"தஷ்வந்த்," என்றாள் சடை.

"உங்கப்பா?"

"தருண்," என்றாள் கண்ணாடி.

த. பாவாயி. த. பாவாயி. இருவருக்கும் ஒன்பது வயது.

எப்படி நடந்தது என்று தர்ஷனாவுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. குழந்தைகளின் அடையாள எண்ணையோ முகத்தையோ சேர்த்து வைக்கக் கூடாது என்று சட்டம். ஆகவே பொருத்தத்துக்குத் தெரிந்ததெல்லாம் இன்ஷியல், பெயர், வயது. போன ஆடியில் ஒரு கூட்ட நாளில் சடைப் பாவாயி பெயர் பதிய வந்தபோது, 'இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது' என்று திரை சொல்லியிருக்கிறது. அட்டையைத் தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, நிமிர்ந்து கூடப் பார்க்காமல் இன்னொன்று அச்சடித்துக் கொடுத்தது தர்ஷனாதான். இருவர் படித்ததும் ஒரே கணக்கில் விழுந்திருக்கிறது. ஒருத்தி பாதியில் வைத்ததை இன்னொருத்தி முடித்து நிரப்பியிருக்கிறாள்.

"ரெண்டு பேரும் அந்த பெஞ்சுல உக்காருங்க கண்ணு. பத்து நிமிசம். நீங்களும் உக்காருங்கம்மா, கோளாறு எங்களுதுதான். சரி பண்ணிடலாம்."

திரையிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "ரெண்டு பேர்னு உனக்குத் தெரியவே தெரியாதா?"

"இரண்டு விதமான வேகத்தில் படிக்கப்படுவது தெரிந்தது. ஆனால் பிள்ளை ஒன்று என்று பதிவு சொன்னது. ஐயம் வந்தால் பதிவை நம்ப வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட விதி."

"பிரிச்சா?"

"பிரித்தால் தருண் மகள் பாவாயிக்கு 'மூணரையாவது மாடி' நாற்பத்து நாலு. பேய் வரும் பக்கத்தில் நிறுத்துவாள். தஷ்வந்த் மகள் பாவாயிக்கு முப்பத்தொன்பது. கயிறு வரும் பக்கத்தில் நிறுத்துவாள். நூலுக்குப் பொருந்தும் பிள்ளை இல்லாமல் போகும். பிரிக்க இசைவு தருகிறீர்களா?"

தர்ஷனா பொத்தான் மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். எழுந்து ஜன்னலோரம் போய் வீட்டுக்காரனைக் கூப்பிட்டாள்.

"என்ன அம்மிணி, வந்துட்டாளா? என்ன சொன்னா?" அவன் குரல் எங்கோ ஒரு குழிக்குள்ளிருந்து எதிரொலித்தது.

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அப்படி ஒரு பிள்ளை இல்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறினாள்.

மறுமுனையில் எதையோ கீழே வைக்கும் சத்தம்.

"அந்தக் கண்ணாடிப் பாப்பா பேர்ல கோளாறுன்னு எழுதிட்டாங்களா?"

"இன்னும் எழுதல. இந்தப் புஸ்தகத்தை எடுத்துட்டுப் போனா மூணாவது. கட்டாயம் பாதியில வெப்பா. எழுதிருவாங்க."

"அப்பறம் என்ன யோசனை? பிரிச்சு உடு."

"மாமா, உங்க புஸ்தகம்..."

"லிஃப்ட்டுல ஆள் மாட்டிட்டா மொதல்ல ஆளைத்தான் எடுக்கணும் தர்ஷு. லிஃப்ட்டை அப்பறம் பாத்துக்கலாம்." கீழே வைத்ததை மறுபடி எடுக்கும் சத்தம் கேட்டது. "ராத்திரிக்கு தோசை ஊத்திக்கலாம். நான் வந்து ஊத்தறேன்," என்று வைத்துவிட்டான்.

அவள் வந்து உட்கார்ந்து 'சரி'யை அழுத்தினாள்.

வேலை சீக்கிரம் முடிந்தது. பழைய அட்டைகள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். 'தரு. பாவாயி' என்று ஒன்றும் 'தஷ். பாவாயி' என்று ஒன்றும் அச்சாகி வந்தன. பள்ளிக்கூடத்துக்கு, பிழை கூடத்துடையது, பிள்ளையுடையது அல்ல என்று குறிப்புப் போயிற்று. சஹானாவின் முகம் தெளிந்தது.

"இன்ஷியல்ல ரெண்டு எழுத்தா?" என்றாள் சிரித்துக்கொண்டு. "இப்ப பாதிப் பேரு அம்மா இன்ஷியல்தான் போடறாங்க. நானும் என் பேரையே போட்டிருந்தா ச. பாவாயி ஆயிருப்பா. இத்தனை அக்கப்போரே இல்ல."

"இத்தனை எழவும் ஒத்தை எழுத்தாலதாங்க," என்றாள் தர்ஷனா.

"பழைய த. பாவாயி பதிவு இப்போது காலியாக உள்ளது. அழிக்கவா?" என்றது திரை.

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தர்ஷனாவுக்கு முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. பிறகு, இந்தக் கூடத்தில் ஆறு வருஷமாக இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்பது மட்டும் புரிந்தது. இரண்டு குழந்தைகள் ஒரு கதையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் அது நடந்திருக்கவே வழியில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று வந்த புத்தகத்தைப் படித்தது. ஒரே புத்தகத்தை ஒரே வாரத்தில் இருவர் படித்ததே கிடையாது. பின் எதைப் பற்றிச் சண்டை போடுவார்கள்?

பெஞ்சில் இருவருக்கும் நடுவே விரிந்து கிடந்தது 'மூணரையாவது மாடி'. கண்ணாடிக்காகக் காலையில் எடுத்து வைத்தது.

"சும்மா சும்மா கயிறு கயிறுன்னு படிக்காதடி. பேய் எப்ப வரும்?" என்றாள் சடை.

"இரு. இதுதான் முக்கியம். லிஃப்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய எடை தொங்கும். லிஃப்ட் மேல போனா எடை கீழ வரும். தராசு மாதிரி."

"எனக்கெதுக்கு தராசு? பக்கத்தைத் தள்ளு. பேய் வந்துருச்சு பாரு!"

"ஐயே. போச்சு. இனி நீயே படி. எனக்கு வேண்டாம்."

"சரி, நானே படிக்கறேன். நீ காதைப் பொத்திக்க."

சடை படித்தாள். கண்ணாடி காதைப் பொத்திக்கொண்டாள், விரல்களுக்கு நடுவில் நல்ல இடைவெளி விட்டு.

"ஏ புள்ள," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "பேய்க்குத்தான் வெயிட்டே இல்லையே. பறந்தே போலாமில்ல? அது எதுக்கு லிஃப்ட்டுக்குக் காத்துக் கெடக்குது?"

"அதுதான் எனக்கும் தெரியல. அந்தப் பையன் எந்த மாடிக்குப் போனாலும் இந்தப் பேய் வேற மாடியில இருக்குது. அவன் மேல போனா இது கீழ போயிடுது. அவன் கீழ வந்தா இது மேல."

கண்ணாடி காதிலிருந்து கையை எடுத்தாள்.

"திருப்பிச் சொல்லு."

"அவன் மேல போனா இது கீழ..."

"ஏ! அது எடை மேல உக்காந்திருக்குதுடி! அந்தப் பக்கம் தொங்குதே, அது மேல! அதான் ரெண்டும் பாத்துக்கவே முடியல!"

"அப்ப எப்பத்தான் பாக்கும்?"

"நடுவுல. ரெண்டும் ஒண்ணையொண்ணு தாண்டற எடத்துல மட்டும். தரையில இருந்து ஏழாவது மாடி வரைக்கும் நடு எது?" விரல் விட்டு எண்ணினாள். "மூணரை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் புத்தகத்தைப் பிடுங்கினார்கள்.

தர்ஷனா கையிலிருந்த பழைய அட்டைகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள். "கிழிச்சிடாதீங்க. நாளைக்கு வந்து மிச்சம் படிங்க. இது வரைக்கும் படிச்ச எடத்துல இதை வெச்சுக்குங்க."

சடை வாங்கிப் பார்த்தாள். "இதுல த. பாவாயின்னு இருக்குதே. இது யாரு, நானா, இவளா?"

"ரெண்டு பேரும்தான்," என்றாள் தர்ஷனா.

அந்த வாரம் முழுக்க இருவரும் வந்தார்கள். கடைசி அத்தியாயத்தைக் கூடத்தின் நடுவே நின்றுகொண்டு மாற்றி மாற்றி உரக்கப் படித்தார்கள். வேறு பிள்ளைகள் தங்களுக்குப் பொருந்திய புத்தகங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். தூணுக்குப் பின்னால், கையில் கிரீஸ் கறையோடு ஓர் ஆள் நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவன் ஓடவும் இல்லை.

அட்டை திரும்பி வந்ததும் திரை சொன்னது: "த. பாவாயி நூலை முழுதாகப் படித்துவிட்டாள். ஆறாம் அத்தியாயத்தை நாலு தடவை. ஆனால் இந்தப் பதிவுக்கு உரிய பிள்ளை இல்லை என்று தெரிகிறது. பதிவை அழித்தால் நூலும் நீக்கப்படும். இசைவு தருகிறீர்களா?"

தர்ஷனா அந்தப் புத்தம் புதிய பொத்தானை அழுத்தினாள். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

"இல்லை என்பதற்குக் காரணம்?"

"பிள்ளை இருக்கு," என்றாள். "சாயங்காலம் சாயங்காலம் வரும்."

ஐயம் வந்தால் பதிவை நம்புவது அதன் விதி. நம்பியது.

அதற்குப் பிறகு அந்த அட்டைக்கு ஓய்வே இல்லை. இரண்டு பேராக வந்து கேட்டால் பாவாயி அட்டையில் புத்தகம் எடுக்கலாம் என்பது எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை, ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. கிரிக்கெட் பிடித்தவன் சமையல் பிடித்தவளோடு வந்தான். குரங்குக் கதைப் பிள்ளையும் கணக்குப் புதிர்ப் பிள்ளையும் வந்தார்கள். கூழுக்குக் காத்திருந்த புதுப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்பின. கூடத்தில் சத்தம் தாங்கவில்லை. தர்ஷனாவே மறுபடி படிக்க ஆரம்பித்திருந்தாள், எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகவாவது. தனித்தனி அட்டையிலும் பிள்ளைகளின் மதிப்பெண்கள் கலையத் தொடங்கின. கண்ணாடிப் பாவாயிக்கு ஒரு நாள் முனிக்கதை எழுபத்திரண்டு வந்தது. அவள் அதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

கிருத்திக் இரண்டாவது நாவலில் இருந்தான். "அவளுக்குக் கிணறு புடிக்குமா?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பான்.

"எவளுக்கு?"

"பாவாயிக்கு."

"அவளுக்குப் புடிக்காதது ஏது?" என்பாள் தர்ஷனா.

சித்திரையில் பொருத்தத்துக்குப் புது விதிகள் வந்தன. பெயர்க் குழப்பம் இனி வரக் கூடாது என்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரில் ஒருவர் பெயரை முழுதாகப் பதிய வேண்டும். இன்ஷியலோடு ஒத்துப்போகாத பதிவு தானாகவே அழிந்துவிடும். இரண்டு நாள் வரிசையாகப் பதிந்தாள். நாச்சிமுத்துக்கள் முடிந்தார்கள். வஞ்சியம்மாள்கள் முடிந்தார்கள். தருண் மகள், தஷ்வந்த் மகள், இருவரும் சரியாக உட்கார்ந்துகொண்டார்கள்.

எல்லாரும் போன பிறகு ஒரே ஒரு வரி மிச்சம் இருந்தது.

த. பாவாயி. வயது ஒன்பது. படித்த நூல்கள் ஊரிலேயே அதிகம். பாதியில் வைத்தவை இல்லை.

"தந்தை அல்லது தாய் பெயர்?" என்றது திரை.

வெளியே கிருத்திக் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தான். ஒரு நிமிஷம் என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். அவன் பெயர் கி-யில் ஆரம்பிக்கிறது. உதவாது.

"பெயர் இல்லையென்றால் பதிவு அழிக்கப்படும். தந்தை அல்லது தாய் பெயர்?"

அவள் விசைப்பலகையை அருகில் இழுத்தாள். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். தாய்: தர்ஷனா.

திரை ஒரு கணம் யோசித்தது.

"சரிபார்த்தேன்," என்றது பொருத்தம். "இன்ஷியல் பொருந்துகிறது."